இருபத்திரண்டு மீன்களும் ஒரு சித்தியும்

சிர்சிக், 6 செப்டம்பர் 1997

அன்புள்ள எர்கின் அண்ணாவுக்கு,

சனோபரின் சலாம். அப்பா நலம். கரோமத் அத்தைக்கு முழங்கால் வலி தவிர மற்றபடி நலம். உங்கள் உடம்பு எப்படி? தெர்மெஸில் இன்னும் வெயில் குறையவில்லை என்று வானொலியில் சொன்னார்கள். முகாமில் வயிறு நிறையச் சாப்பாடு போடுகிறார்களா?

உங்கள் மீன்தொட்டி விளக்கின் வெளிச்சத்தில், தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பகலில் எழுதினால் யாருக்கு, என்ன என்று கேள்வி வரும். எல்லோரும் தூங்கிய பிறகுதான் பேனாவை எடுக்க முடிகிறது.

ஏப்ரலில் நீங்கள் பட்டாளத்துக்குப் புறப்பட்டபோது தொட்டியில் இருபத்திரண்டு மீன்கள் இருந்தன. "ஒண்ணு குறைஞ்சாலும் வந்து காதைத் திருகிடுவேன்" என்றீர்கள். ஜூலை வரை ஒன்றுகூடக் குறையவில்லை. கப்பி மீன் குட்டி போட்டது. தாயே தின்றுவிடாமல் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கரண்டியில் எடுத்து ஊறுகாய் ஜாடியில் வளர்த்தேன். பள்ளியிலிருந்து வந்ததும் புத்தகப்பையைக்கூட இறக்காமல் மீன்களைத்தான் எண்ணுவேன்.

ஜூலையில் அப்பா மஸ்துராவைக் கல்யாணம் செய்துகொண்டார். அவளுக்கு முப்பத்துநாலு வயது. எட்டு வருடம் குழந்தை இல்லை என்று முதல் புருஷன் திருப்பி அனுப்பிவிட்டானாம். பூனைக்கண். வந்த மறுநாளே தொட்டிக்கு முன்னால் நின்று, "அடேயப்பா, என்ன அழகு! ஒவ்வொண்ணும் கல்யாணப் பொண்ணு மாதிரி!" என்றாள். அவள் அடுப்படிக்குப் போனதும் அத்தை என் கையைக் கிள்ளினார். "கேட்டியாடி? கூடவே ஒரு 'மாஷா அல்லா' சொன்னாளா? பெத்து வளக்காத கண்ணு அது. கல்லையும் பிளக்கும்."

ஆகஸ்டில் மூன்று மீன்கள் செத்துவிட்டன. மூன்றும் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்தபடி மிதந்தன. ஜூலையிலேயே அத்தை ஒரு வழி சொன்னார், அதன்படி செய்துவருகிறேன். ஆனாலும் பயமாக இருக்கிறது. மீனோடு நின்றுவிடுமா?

பதிலை எதிர்வீட்டு லோலாவின் பெயருக்கு அனுப்புங்கள். அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை
சனோபர்


தெர்மெஸ், 21 செப்டம்பர் 1997

பிரியமுள்ள சனோபர் குட்டிக்கு,

அண்ணனின் சலாம். எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. கஞ்சியில் அவ்வப்போது இறைச்சியின் நிழல் தெரியும். முதுகுத்தோல் இரண்டு முறை உரிந்து மூன்றாவது தோலில் இருக்கிறேன்.

மூன்று போனதற்காக உன் காதைத் திருகமாட்டேன். கவனமாகக் கேள். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாதே, ஜாடிகளில் இரண்டு நாள் வைத்து ஊற்று. வெப்பமானி இருபத்தைந்துக்குக் கீழே இறங்கக்கூடாது. ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்குத்தான் இரை. நீ பாசத்தில் அள்ளிப் போடுவாய், எனக்குத் தெரியும். பாசம் அடியில் தங்கி அழுகிவிடும். காற்று மோட்டாரை ஒருபோதும் நிறுத்தாதே. ஏஞ்சல் மீன் ஜோடியை மட்டும் எப்படியாவது காப்பாற்று. அவற்றை வாங்க மூன்று மாதம் பழைய புட்டி பொறுக்கினேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி நான் என்ன எழுத? அம்மா போய் ஒன்றரை வருடம். அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒரு அஞ்சலட்டை போட்டார், அதில் பாதி பருவநிலை. அம்மாவின் சால்வைகள் அலமாரியில் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து எழுது.

குளிர் வருமுன் கம்பளிக் காலுறை போட்டுக்கொள்.

அண்ணன்
எர்கின்


சிர்சிக், 9 நவம்பர் 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

சலாம். அப்பாவுக்கு லேசான சளி. எனக்குக் கைவிரல்கள் எல்லாம் கீறல். எங்கள் வகுப்பைப் பருத்தி எடுக்க அழைத்துப் போய், இருபத்தாறு நாள் கழித்துப் போன ஞாயிறுதான் திரும்ப விட்டார்கள். அதனால்தான் கடிதம் தாமதம். நீங்கள் நலமா?

சால்வைகள் இருக்கின்றன. ஆனால் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு வந்திருக்கின்றன.

இப்போது கேளுங்கள். செப்டம்பரில் மாலைதோறும் மின்சாரம் போனது, மீன் ஒன்றும் சாகவில்லை. நான் இல்லாத இருபத்தாறு நாளும் ஒரு மீன்கூடச் சாகவில்லை. பத்தொன்பதும் இருந்தன. நான் வந்த அந்த வாரமே, வெள்ளிக்கிழமை காலையில், வாள்வால் மீன் இரண்டு மிதந்தன. என்ன அர்த்தம்? நான் பார்த்துத் துடிக்கவேண்டும் என்றுதானே செய்கிறாள்?

ஒருநாள் பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அவள் தொட்டியருகே குனிந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, மஞ்சளாக எதையோ துணியில் தேய்த்துத் தண்ணீரில் உதறினாள். என்னைக் கண்டதும் துணியைச் சுருட்டிக்கொண்டாள்.

"என்ன போட்டீங்க?"

"முட்டை மஞ்சக்கருதான். குட்டிங்க பசியா இருந்துச்சு. ஏன்டி இப்படி முறைக்கிற, நானா உன் மீனைப் பொரிச்சுத் தின்னுட்டேன்?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு நாள் குளிர்பெட்டியில் நான் வைத்திருந்த புழு டப்பாவைத் திறந்துவிட்டு அலறினாள் பாருங்கள், மூன்று மாடியும் இறங்கி வந்துவிட்டது. "தயிர்னு நினைச்சேன்டி பாவி! கரண்டி வேற விட்டுட்டேன்!" அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா போன பிறகு அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்று கேட்கவேண்டும். அத்தை சொன்ன வழி இஸிரிக் மூலிகைப் புகை. வியாழன் மாலை காய்ந்த இஸிரிக்கைச் சட்டியில் கனலோடு போட்டு, மஸ்துரா கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, தொட்டி மேசைக்கு அடியில் வைத்துவிடுவேன். புகை நாலு பக்கமும் எழுந்து தொட்டியைச் சுற்றிக்கொள்ளும். அம்மா வீடு முழுக்கக் காட்டுவார்களே, அதேதான். கண்ணேறு அண்டாது என்கிறார் அத்தை. புகை மீனுக்கு ஆகுமா அண்ணா? உங்களுக்குத்தான் தெரியும், மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள்
சனோபர்


தெர்மெஸ், 18 டிசம்பர் 1997

அன்புள்ள சனோபருக்கு,

சலாம். நான் நலம். எல்லையில் இரட்டைக் காவல், எழுத நேரமில்லை. உன் விரல்கள் ஆறினவா? கொஞ்சம் ஆட்டுக்கொழுப்புத் தடவு.

நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். நீ இல்லாதபோது சாகாத மீன் நீ வந்ததும் சாகிறது என்றால் யோசிக்கவேண்டிய விஷயம்தான். இனி சாகிற ஒவ்வொன்றுக்கும் தேதி, கிழமை குறித்து வை. அவள் என்ன செய்தாள், எங்கே நின்றாள் என்பதையும் குறி. முட்டை மஞ்சள் தண்ணீரைக் கெடுக்கும், நினைவிருக்கட்டும்.

அத்தை பெரியவர். அவர் சொல்வதைத் தட்டாதே.

சால்வைகளை யார் கீழே எடுத்து வைத்தது என்று கேட்டாயா?

அண்ணன்
எர்கின்


சிர்சிக், 11 ஜனவரி 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

சலாம். நோன்பு பன்னிரண்டு முடிந்தது. முகாமில் நோன்பு வைக்க விடுகிறார்களா? அப்பா நலம். நான் நலம் என்று எழுதினால் பொய்.

நீங்கள் சொன்னபடி குறித்தேன். நவம்பர் 14, ஒன்று. 28, இரண்டு. டிசம்பர் 12, ஒன்று. 19, இரண்டு. ஜனவரி 2, ஒன்று. 9, ஒன்று. எல்லாமே வெள்ளி. அப்படியென்றால் வியாழனன்று ஏதோ நடக்கிறது. வியாழன் மாலை மஸ்துரா எண்ணெயில் மாவு பொரிக்கிறாள், இறந்தவர்களுக்கு வாசம் போகட்டும் என்று. "உங்கம்மா பேரைச் சொல்லித்தான் முதல் ஈடு" என்கிறாள். அம்மாவின் பெயரை அவள் வாயால் சொல்லும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. அந்த எண்ணெய்க் கையோடு வந்து தொட்டிக்கு முன்னால் நிற்பாள். மின்சாரம் நின்றுபோன வியாழன்களில் மட்டும் மறுநாள் ஒன்றும் சாகவில்லை. இருட்டில் அவள் கண்ணுக்கு வேலையில்லை போலிருக்கிறது.

புகையைப் பற்றிக் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. தப்பு என்றால் சொல்லியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு, இப்போது இரண்டு பங்காகப் போடுகிறேன்.

இப்போது ஒன்பதுதான் இருக்கின்றன. ஒன்பதும் முடிந்தால் அடுத்தது யார்? அவள் சமைத்ததை என்னால் விழுங்க முடியவில்லை. நோன்பு திறக்கும்போது கடை ரொட்டியும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நேற்று மந்தி என்கிற இறைச்சிக் கொழுக்கட்டை செய்து என் தட்டில் வைத்தாள். நான் தொடவில்லை.

"ஏன்டி, உப்பு கூடிப்போச்சா?"

"பசிக்கல."

"நாள் பூரா பட்டினி கிடந்துட்டுப் பசிக்கலயாம். உங்க பொண்ணு என்ன வானத்து மலக்குங்களோட சாப்பிட்டுட்டு வந்தாளா?" என்று அப்பாவிடம் கேட்டாள். பிறகு என் தட்டிலிருந்த ஒன்றை எடுத்துத் தானே தின்று காட்டினாள். எதற்காக அப்படிக் காட்டினாள்? நான் சந்தேகப்படுவது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஏதாவது செய்யுங்கள் அண்ணா.

சனோபர்


தெர்மெஸ், 24 ஜனவரி 1998

சனோபருக்கு,

சலாம். சுகம். பயப்படாதே.

அப்பாவுக்கு நேராக எழுதிவிட்டேன். நீ குறித்த தேதிகளை எல்லாம் எழுதினேன். என் தங்கை சொந்த வீட்டில் சாப்பிடப் பயந்து ரொட்டியில் உயிர் வாழ்கிறாள் என்று எழுதினேன். அந்தப் பெண் இருக்கிற வீட்டுக்கு நான் அக்டோபரில் திரும்பி வரமாட்டேன், இங்கேயே பட்டாளத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்றும் எழுதினேன்.

ஹயித் பெருநாள் முடிந்ததும் அவர் கையில் கிடைக்கும். கேட்டால், உள்ளதைச் சொல். அழாதே.

அண்ணன்


சிர்சிக், 8 பிப்ரவரி 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

சலாம். பெருநாள் வாழ்த்து. அப்பாவுக்கு இரத்த அழுத்தம். அத்தை நலம்.

உங்கள் கடிதம் செவ்வாயன்று வந்தது. அப்பா பேருந்து ஓட்டிவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் படித்தார். மூன்று முறை படித்தார். பிறகு அத்தையை ஆள் விட்டு வரவழைத்தார். என்னை நடுவில் உட்காரவைத்து, "இதெல்லாம் நிஜமா?" என்றார். தேதிகள் எழுதிய நோட்டைக் கொடுத்தேன்.

மஸ்துரா முதலில் சிரித்தாள். "என்ன இது, மீனுக்கெல்லாம் மய்யித்துக் கணக்கா?" யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவள் முகம் மாறியது. அடுப்படிக்குப் போய் ஒரு முழு ரொட்டியை எடுத்து வந்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இந்த ரொட்டி என் கண்ணைப் பிடுங்கட்டும், நான் அந்தத் தண்ணியில ஒரு கெட்டதைப் போட்டிருந்தா" என்றாள்.

அத்தை சொன்னார்: "கண்ணால செய்யற வேலைக்குக் கை எதுக்குடியம்மா?"

"கரோமத் அக்கா, ஒரு வீட்டுலேர்ந்து பெட்டியோட திரும்பினவ நான். இன்னொரு தடவை திரும்பினா எங்கண்ணன் வாசல்ல எனக்கு என்ன பேருன்னு தெரியுமா உங்களுக்கு?"

அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பையன் வரமாட்டேங்கறான்" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் அவள் அண்ணன் பர்கெந்திலிருந்து வந்து கூட்டிப்போனார். போகும்போது அவள் என் பக்கம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். "ஜாடிக் குட்டிங்களுக்கு இன்னிக்கு இன்னும் போடல" என்றாள். போய்விட்டாள்.

நாம் ஜெயித்துவிட்டோம் இல்லையா? பிறகு ஏன் வீட்டில் யாரும் பேசுவதில்லை?

சனோபர்


சிர்சிக், 20 பிப்ரவரி 1998

அண்ணா,

சலாம். நலம் விசாரிக்கத் தோன்றவில்லை, மன்னியுங்கள்.

எல்லாம் போய்விட்டன.

ஜனவரி கடைசியில் இரண்டு போயிருந்தன. மிச்சம் ஏழு. அவள்தான் போய்விட்டாளே என்று நான் புகை போடுவதையும் நிறுத்தியிருந்தேன். அவள் போனபின் வீட்டைச் சுத்தப்படுத்தவேண்டும் என்று அத்தை நேற்று புது இஸிரிக் கட்டோடு வந்தார். அறை அறையாக, மூலை மூலையாகப் புகை போட்டோம். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. கண்ணெரிச்சலில் இருவரும் அழுதோம். "இனிமே ஒரு கண்ணும் அண்டாது" என்று சட்டியைத் தொட்டிக்கடியில் வைத்துவிட்டுப் போனார்.

இன்று காலை ஏழும் மிதந்தன. ஏஞ்சல் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. ஜாடியில் இருந்த குட்டிகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

அவள் இங்கே இல்லை அண்ணா. பதினாறு நாளாக இல்லை. பின்னே யார் செய்தது? பர்கெந்தில் இருந்துகொண்டே செய்ய முடியுமா? இந்த வீட்டில் வேறு ஏதோ இருக்கிறதா? தொட்டி விளக்கை ஏற்றப் பயமாக இருக்கிறது. கைவிளக்கைப் போர்வைக்குள் வைத்து எழுதுகிறேன். சீக்கிரம் எழுதுங்கள்.

சனோபர்


தெர்மெஸ், 8 மார்ச் 1998

சனோபருக்கு,

சலாம். நலமே.

போனது போகட்டும். மனதில் வைத்துக்கொள்ளாதே. அவள் போகும்போது எதையாவது தொட்டியில் விட்டுவிட்டுப் போயிருப்பாள், மெதுவாக வேலை செய்திருக்கும். தண்ணீரை ஊற்றிவிடு, தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வை. அக்டோபரில் வந்து நானே பார்த்துக்கொள்கிறேன்.

புது மீன் வாங்குகிறேன் என்று சந்தைக்குப் போகாதே. அங்கே மீன் விற்கிற வீத்யா கிழவன் குடிகாரன், வாய்க்கு வந்ததை உளறுவான்.

நோன்பில் இளைத்திருப்பாய், நன்றாகச் சாப்பிடு.

அண்ணன்


சிர்சிக், 28 மார்ச் 1998

எர்கின் அண்ணாவுக்கு,

சலாம். அப்பாவின் இரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது. நீங்கள் நலமாக இருப்பீர்கள்.

நீங்கள் போகாதே என்று எழுதியிருக்காவிட்டால் எனக்குப் போகத் தோன்றியிருக்காது. நவ்ரூஸுக்கு மறுநாள் ஞாயிற்றுச் சந்தைக்குப் போனேன். வீத்யா மாமா குடித்திருக்கவில்லை. குளிரில் மீன்கள் விறைக்காமல் இருக்கக் கண்ணாடிப் பெட்டிகளைத் தன் மேலங்கியால் மூடிவிட்டு, தான் வெறும் கம்பளிச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வியாழன், வெள்ளி, பூனைக்கண், மின்சாரம் நின்ற வாரங்கள், ஜாடிக்குட்டிகள். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"வீட்டுல புகை போடுவீங்களா?"

"வியாழக்கிழமை. தொட்டிக்கடியில."

"காத்து மோட்டார் எங்க இருக்கு?"

"அங்கேயேதான், மேசைக்கடியில தொங்குது."

தலையில் கைவைத்துக்கொண்டார். "அட என் தங்கமே. அந்த மோட்டார் பக்கத்துல இருக்கிற காத்தைத்தானே உறிஞ்சித் தண்ணிக்குள்ள அனுப்புது? நீ புகையைக் கொண்டுபோய் அது மூக்கடியில வெச்சிருக்க. மோட்டார் ஓடாத நாள்ல மீன் பிழைச்சுது. ஜாடியில குழாயே இல்ல, அதுங்களும் பிழைச்சுது." மேலங்கியைப் பெட்டிகள்மேல் இழுத்துவிட்டு, "உங்கண்ணன் சொல்லலியா?" என்றார்.

"அண்ணனுக்குத் தெரியாதே."

"அவனுக்கா தெரியாது? அஞ்சு வருஷம் முன்னாடி இதே இடத்துல நின்னு கேவிக் கேவி அழுதான். உங்கம்மா புகை போட்டு மொத்தத் தொட்டியும் போச்சு. நான்தான் சொன்னேன், புகை போடற நாள்ல மோட்டாரை நிறுத்தி, தொட்டியைப் போர்வை போட்டு மூடிடுடான்னு."

திரும்பும் வழியில் உங்கள் கடிதங்களை எல்லாம் மனதுக்குள் படித்துக்கொண்டே வந்தேன். நவம்பரில் கேட்டேன். நாற்பது நாள் பதில் இல்லை. வந்த பதிலில் 'அத்தை சொல்வதைத் தட்டாதே' என்று இருந்தது. ஜனவரியில் இரண்டு பங்காகப் போடுகிறேன் என்று எழுதினேன். நீங்கள் அப்பாவுக்கு எழுதினீர்கள்.

அப்பாவிடம் புகையைப் பற்றிச் சொன்னேன். எல்லாம் நான் கொன்றவை என்று சொன்னேன். உங்களைப் பற்றிச் சொல்லவில்லை. இன்று இருவரும் பர்கெந்துக்குப் போனோம். மஸ்துரா சித்தி தன் அண்ணன் வீட்டில் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன அறையில் இருக்கிறார். பெட்டியைப் பிரிக்கவே இல்லை. அப்பா பேசும்போது அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புகைன்னு யார் சொன்னது?"

"சந்தையில மீன்காரர்."

"உங்கண்ணனுக்குத் தெரியாதா? அவன் வளத்த மீனாச்சே?"

"தெரியாது" என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

"என்னை வெளிய அனுப்புனது மீனும் இல்ல, புகையும் இல்ல" என்றார். "ஒரு காயிதம். அதை எழுதினவனே இன்னொண்ணு எழுதட்டும். அப்புறம் பாக்கலாம்."

எழுதுங்கள். அப்பாவின் பெயருக்கு வேண்டாம், என் பெயருக்கு. லோலா வீட்டுக்கு வேண்டாம், நம் வீட்டுக்கே அனுப்புங்கள்.

சனோபர்


தெர்மெஸ், 20 ஏப்ரல் 1998

சனோபருக்கு,

சலாம். நலம் என்றுதான் எழுதவேண்டும்.

உனக்கு மட்டும் இந்தத் தாள். நவம்பர் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குத் தெரியும். மோட்டாரை எடுத்து மேலே வை என்று எழுதி, உறையில் போட்டு, ஒட்டியும்விட்டேன். பிறகு அனுப்பவில்லை. நீ எழுதியிருந்தாயே, அப்பா விழுந்து விழுந்து சிரித்தார் என்று. அந்த வரிக்கு மேலே என்னால் போக முடியவில்லை. மீனைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ சாப்பிடாமல் கிடப்பாய் என்று நினைக்கவில்லை. தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. அம்மா புகை போட்டு மீன் செத்தபோது, அவர் மனம் நோகக்கூடாது என்று குளிரில் செத்ததாகச் சொன்னவன் நான்.

இன்னொரு தாள் மஸ்துராவுக்கு. அதைக் கொடுத்துவிடு. இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

எர்கின்

(இரண்டாவது தாள்)

மதிப்புக்குரிய மஸ்துரா சித்திக்கு,

எர்கினின் பணிவான சலாம். தாங்களும் தங்கள் அண்ணன் குடும்பத்தாரும் பூரண நலத்தோடு இருக்க இறைவன் அருள்வானாக. மீன்கள் இறந்த காரணம் தொலைவில் இருந்த எனக்கும் தெரியாமல் போயிற்று. சனோபர் சிறுபெண். அவள் பயத்தில் எழுதியதை எல்லாம் உண்மை என்று நம்பி அவசரப்பட்டு அப்பாவுக்கு எழுதிவிட்டேன். அவளுடைய அறியாமையையும் என் அவசரத்தையும் பொறுத்து, பெருந்தன்மையோடு தாங்கள் வீடு திரும்பவேண்டும்.

தங்கள் மகனைப் போன்ற
எர்கின்


சிர்சிக், 10 மே 1998

எர்கின் அண்ணாவுக்கு,

சலாம். எல்லோரும் நலம். உங்கள் நலத்துக்கு துஆ செய்கிறேன்.

இரண்டு தாளும் வந்தன. நேற்று நான் மட்டும் பேருந்தில் பர்கெந்துக்குப் போனேன். சித்தி முற்றத்தில் கம்பளம் உதறிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் உறையிலிருந்து எடுத்து, எனக்கு நீங்கள் எழுதிய தாளைக் கொடுத்தேன்.

தவறிப்போய்க் கொடுக்கவில்லை அண்ணா. வழியெல்லாம் இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். இன்னொன்றைக் கொடுத்தால் அவர் திரும்பி வந்து, நான் மீனைக் கொன்றதாகவும், நான் பொய் எழுதியதாகவும் நினைத்துக்கொண்டு எனக்குச் சோறு போடுவார். ஒவ்வொரு கவளத்திலும் நான் அவர் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கும். ஏழு மாதம் அப்படிச் சாப்பிட்டாகிவிட்டது.

அவர் மெதுவாகப் படித்தார். பிறகு முதலிலிருந்து மறுபடியும் படித்தார்.

"இது எனக்கு எழுதினது இல்லையே?"

"இல்ல, எனக்கு. உங்களுக்கு எழுதினது இதுல இருக்கு."

அதையும் வாங்கிப் படித்தார். 'மகனைப் போன்ற' என்ற இடத்தில் நின்று, லேசாகச் சிரித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "நல்லா எழுதியிருக்கான். பள்ளிக்கூடத்துல கட்டுரைக்கு நல்ல மார்க்கு வாங்கியிருப்பானே?"

முதல் தாளை நான்காக மடித்து உள்ளே எங்கோ வைத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. பிறகு எழுந்து பெட்டியின் ஒரு பக்கக் காதைப் பிடித்து, "என்ன உக்காந்து பாத்துட்டிருக்க? அந்தப் பக்கம் தூக்குடி, கனமா இருக்கு" என்றார்.

நேற்று இரவே வந்துவிட்டோம். அப்பா கதவைத் திறந்துவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டார். அந்தத் தாளை அப்பாவுக்குக் காட்டினாரா என்று எனக்குத் தெரியாது. காட்டுவாரா என்றும் தெரியாது. இனி உங்களுக்கும் தெரியாது.

இன்று காலை நான் பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது அருகில் வந்து நின்றார்.

"உங்கண்ணனுக்குக் காயிதம் எழுதப்போறியா?"

"ஆமா."

"அக்டோபர்ல வர்றானா?"

"வருவாரு."

"கதவை நான்தான் திறப்பேன். இப்பவே சொல்லி எழுது, அப்புறம் தெரியாதுன்னு சொல்லிடப் போறான்."

சொல்லிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை
சனோபர்